கம்பி பிடுங்கிய பெட்டி

"நான் போனாலும் இந்தப் பெட்டி போகாது மாப்ள. கரண்ட் கம்பியப் புடுங்கிக் கையில சுத்திக்கிட்டு நில்லு. அப்பவும் ஓடும்."

இதை அத்தான் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னார். கூரியர்காரரைக்கூட விட்டு வைக்கவில்லை; கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பதிலுக்கு ஒரு தலையாட்டலை வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். பெட்டி என்பது அவர் தன் கையால் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி வைத்த சர்வர். உலகத்து இணையதளங்களில் பாதி அதில்தான் குடியிருக்கின்றன, மீதிப் பாதி இடம் கேட்டு வாசலில் நிற்கின்றன என்பார். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். முகத்துக்கு நேரே சிரித்தவன் ஒருவன்தான். அவர் மனைவியின் தம்பி, அந்த வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சின்ன முதலாளி.

அத்தான் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலில்லாத சர்வர் அறையில் சின்ன முதலாளி தனியாக நின்று, பெட்டி மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூச்சு இல்லை, மின்விசிறி. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த இரைச்சல் ஏறி, ஏறி, இறங்கி முடியும் இடத்தில் மெல்லிய ஒரு விசில் இழுத்தது. ஆஸ்துமாக்காரரான அத்தான் மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் சாயும்போது அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து வருமே, அதே விசில். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து கேட்கிறது. விசிறியை மாற்றினான். புது விசிறியும் அதே மாதிரி இழுத்தது.

எல்லாம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் இலவச லினக்ஸ்தான் வேண்டும். அதில் வகைகள் பல; எந்த லினக்ஸ் என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் போனது. அத்தானுக்குப் பிடித்தது ஆமைபோல் வருவது, பழையது, விழாதது. சின்ன முதலாளிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருவது.

"உன்னோடது புது மாப்பிள்ளை மாதிரிடா. ஆறு மாசத்துக்கு ஒரு புதுச் சட்டை கேக்கும்."

"உங்களோடது செத்துப்போன சிஸ்டம் அத்தான். அதுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட்டே வராது."

"வராட்டி என்ன, நான் இருக்கேன்ல."

அதுதான் தொந்தரவு. அவர் இருந்தார். ஆகவே ஒரு நாள் சின்ன முதலாளி சர்வர் அறைக் கதவைத் திறக்கும் அட்டைகளின் பட்டியலிலிருந்து அத்தானின் அட்டையை நீக்கினான். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றான். தானே கட்டிய அறைக்கு வெளியே நின்று அத்தான் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. உள்ளே உட்கார்ந்து அவர் இருமலைக் கேட்டுக்கொண்டே இவன் டீ குடித்தான். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

அக்காவுக்கு இனி மிச்சம் இருப்பது இந்த நிறுவனத்தில் பாதிப் பங்கு மட்டும். "மாத்தறதுன்னா மாத்து" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். "ஒரு சைட்டு விழுந்து ஒரு ஆள் விட்டுட்டுப் போனாலும், அப்புறம் என் முகத்துல முழிக்காதே."

அதனால் எல்லாத் தளங்களையும் புதுப் பெட்டிக்கு ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. பழையதை நிறுத்துவதுதான் பாக்கி. கட்டளையைத் தட்டினான். திரை இருண்டது.

விசிறி நிற்கவில்லை.

குனிந்து, பெட்டிகளை அடுக்கியிருந்த ரேக்குக்குப் பின்னால் தூசியும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் பின்னிக் கிடந்த கம்பிக் காட்டில் கையை விட்டு, ஒன்றைப் பிடித்து இழுத்தான். டொப்பென்று ஏதோ அணைந்தது. எட்டிப் பார்த்தால் புதுப் பெட்டி. கம்பி மாறிவிட்டது. இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவன் கிடையாது. சிரிப்புக்கூட வந்தது. பழையதை நிறுத்தியதும் செருகிவிடலாம் என்று அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே பழைய பெட்டியின் பின்புறத்திலிருந்து தொடங்கி, விரலால் தடவித் தடவி, அதன் கம்பியைச் சுவர்வரை பின்தொடர்ந்தான். இந்த முறை தப்பாது. இழுத்தான்.

கம்பி இரண்டு முனையும் கழன்று கையோடு வந்தது.

பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. ஏறி. ஏறி. இறங்கி. விசில். தைல வாசனை வந்தது, அத்தான் நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலம்.

கதவுக்கு ஓடினான். வெளியே போகவும் அட்டை வேண்டும். அட்டையைத் தேய்த்தான்.

சிவப்பு.

அப்போதுதான் உறைத்தது. தளங்களையெல்லாம் மாற்றினான், கதவை மறந்துவிட்டான். அந்தப் பூட்டு யாரை விடலாம் என்று பழைய பெட்டியிடம்தான் கேட்கும். அத்தான் எதையும் அதில்தான் மாட்டி வைப்பார். பூட்டோடு வந்த சாவியை, இந்தக் காலத்தில் சாவியா என்று குப்பையில் போட்டவன் இவனேதான்.

இன்னொன்றும் உறைத்தது. பெட்டி செத்திருந்தால் பூட்டில் விளக்கே எரியாது.

சிவப்பு என்றால் யாரோ பார்த்து, வேண்டாம் என்கிறார்கள்.

மறுபடி தேய்த்தான். சிவப்பு. பின்னால் விசில். சிவப்பு. விசில், கொஞ்சம் கிட்டத்தில்.

அக்காவுக்கு ஃபோன் செய்தான். வீட்டில் கிடக்கும் அத்தானின் அட்டையை எடுத்து வரச் சொன்னான். ஏன் அந்த நீக்கிய அட்டையைக் கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கதவின் மறுபக்கம் அவள் செருப்புச் சத்தம் கேட்க ஒரு யுகம் ஆயிற்று.

"என்னடா ஆச்சு? சைட்டு விழுந்துடுச்சோன்னு வழியெல்லாம் ஃபோன்ல பாத்துக்கிட்டே வந்தேன். எல்லாம் நல்லாத்தானே இருக்கு."

எல்லாத் தளங்களும் ஏறியிருந்த புதுப் பெட்டியைப் பார்த்தான். இருட்டு. அதன் கம்பி தரையில் கிடந்தது.

"கார்டைத் தேய்ச்சுப் பாருக்கா."

"தேய்ச்சிட்டேன். பச்சை வந்துடுச்சு. தள்ளேன்."

தள்ளினான். அசையவில்லை. உள்பக்கம் சிவப்பு.

"அக்கா, இன்னொரு தடவை."

"பச்சைதான்டா எரியுது." செருப்புச் சத்தம் கதவை ஒட்டி வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உள்ள யாரு இருமறது?"

அவன் திரும்பவில்லை. பழைய பெட்டியின் கம்பி மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எப்போது சுற்றினான் என்று தெரியவில்லை. பிடரியில் சூடாகக் காற்று பட்டது, பட்டு நின்றது, மறுபடி பட்டது.

"தம்பி, அந்தப் பெட்டிய நிறுத்திட்டியா இல்லியா?"

"கம்பி என் கையிலதான்க்கா இருக்கு" என்றான் சின்ன முதலாளி. "ஓடுது. அத்தான் சொன்ன மாதிரியே ஓடுது."