வாயாடி டாக்டரும் வாய் மூட முடியாதவரும்

"லிஃப்ட் எப்ப சார் ஓடும்?"

கேட்டவளின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடை பிடித்தும் பாதி நனைந்திருந்தாள். அப்படி ஒரு மழை.

திறந்து கிடந்த லிஃப்ட் கதவுக்குக் கீழே, குழியில் இடுப்புவரை இறங்கி நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். கையில் ஸ்பேனர்.

"இன்னைக்குள்ள முடிஞ்சிடும் மேடம்."

"நேத்து வந்தவரும் இதையேதான் சொன்னார்!"

"நேத்து வந்தவர் வேற, நான் வேற மேடம்."

"உங்களுக்கெல்லாம் ஒரே டயலாக்கை மனப்பாடம் பண்ணிக் கொடுத்து அனுப்புவாங்களோ?"

அவன் சிரித்தான். பாதிச் சிரிப்பு. வலப்பக்க உதடு மட்டும் மேலே போனது, இடப்பக்கம் அசையவே இல்லை. அந்தக் கண்கள் மட்டும்... கண்கள் முழுசாகச் சிரித்தன. வேலை நேரத்தில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பெரிய கண்கள் எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் இடக் கன்னத்தைக் கவனித்தாள். வீங்கியிருந்தது.

"அது என்ன கன்னம்?"

"ஒண்ணுமில்ல மேடம்... மழைக்கு..."

"மழைக்குக் கன்னம் வீங்காது. எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"நாலாவது மாடி, பல் ஆஸ்பத்திரி. நான்தான் டாக்டர். உடனே மேல வாங்க."

"லிஃப்ட் ஓடலையே மேடம்..."

"அது யார் தப்பு?"

விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. வருகிறான்... அவளுக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நம் டாக்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மகா வாயாடி. ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களுக்குப் பேச்சுக் கொடுத்தே பயத்தை மறக்கடிப்பாள். அந்த ஊர் முழுக்க அவள் கைராசியைப் பற்றிச் சொல்வார்கள், பாதி ராசி வாயில்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தவர் வாய்க்குள் பஞ்சும் குழாயும் இருக்கும். பதில் பேச முடியாது. இப்படி ஒரு வசதி எந்த வாயாடிக்குக் கிடைக்கும் சொல்லுங்கள்! உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவளிடம் ஒரு கருத்து ரெடியாக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

"ரூட் கெனால் பண்ணணும். ரெண்டு தடவை வரணும்," என்றாள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு. "பல்லெல்லாம் தேஞ்சு கிடக்கே, தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்களா? யார் மேல அவ்வளவு கோபம்? சரி சரி, திறங்க... ஆ... இன்னும்."

மரப்பு ஊசி இறங்கியது. வாயும் திறந்தது, அவளுடையது.

"ஃபுட்பால் பாக்கிறீங்களா? உலகக் கோப்பை நடக்கும்போது பாக்காம இருப்பீங்களா என்ன! என்னைக் கேட்டா, பெனால்டியில ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயமே இல்ல. ரெண்டு மணி நேரம் ஓடி ஓடிச் செத்துட்டு, கடைசியில பூவா தலையா போட்ட கதைதான்."

"ங்...ங்ங்!" அவன் புருவங்கள் ஆட்சேபித்தன.

"மறுப்பு இருந்தா அப்புறம் எழுதிக் கொடுங்க. கம்ப்யூட்டர் கேம் ஆடுவீங்களா? நாமளே ஒரு ஆளா வேஷம் எடுத்துக்கிட்டு, ஒரு கூட்டத்தோட சேர்ந்து காடு மலையெல்லாம் சுத்துவோமே, அந்த மாதிரி. நான் எப்பவும் மந்திரவாதிதான். அதுல வைத்தியர் வேஷம் எடுக்கறவங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்பா வரும். அடி வாங்கினவன் பின்னாடியே கட்டுத் துணியோட ஓடணுமாம்! பகல் பூரா நான் பாக்கிற வேலை போதாதா?"

"ங்ங்ங்ங்!!" இந்த முறை கையே எழுந்தது. கண்களில் அந்த முழுச் சிரிப்பு. சண்டை போட ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று அவளுக்கு உள்ளுக்குள் குஷி... பாவம், அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

வெளியே வரவேற்பறைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் வருகிற அதே போர். இடிந்த கட்டடம், புகை, ஓடுகிற ஜனங்கள்.

"இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது பாருங்க. தலைவருங்க எல்லாம் பத்திரமா உக்காந்திருக்காங்க, சாகறது யாரோ. எனக்குப் புரியாதது ஒண்ணுதான்... எங்கிருந்தோ தானா கிளம்பி அங்க வேலைக்குப் போய் மாட்டிக்கிறாங்களே, யாரு அவங்களைப் போகச் சொன்னா? இப்ப வீட்ல இருக்கறவங்கதானே தவிக்கணும்?"

அவன் அசையவில்லை. அந்தப் பெரிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து, காதுப்பக்கம் போனது.

"ஐயோ, வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"வீரமெல்லாம் என்கிட்ட வேண்டாம்." இன்னொரு ஊசி போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் "ங்" என்றுகூடச் சொல்லவில்லை.

தற்காலிகமாக அடைத்து, வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பினாள். மரத்துப்போன வாயோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். கதவு மூடிய பிறகும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வரவேற்பில் உட்காரும் அத்தை, "அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் கதவையே பாக்கப் போறியா?" என்று கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

வியாழக்கிழமை அவன் வரவில்லை.

"ஃபோன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குங்க அத்தை. பாதி வேலையில பல்லை விட்டுட்டுப் போனா யாருக்கு நஷ்டம்?"

அத்தை ஃபோன் போட்டாள். திட்ட வாயெடுத்தவள் அப்படியே அடங்கிப்போனாள். "ம்... ஐயோ... சரிப்பா... சரிப்பா..." வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"அந்தப் பிள்ளையோட அக்கா நர்ஸாம்டி. அந்தச் சண்டை நடக்கிற ஊர் ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறாளாம். பதினோரு நாளா ஃபோன் இல்லையாம். லைன் பிஸியாயிடக் கூடாதுன்னு யார்கிட்டயும் பேசறதில்லைன்னுட்டு வெச்சிட்டான்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாரு அவங்களைப் போகச் சொன்னா... கடவுளே! அதுவும் எழுந்து ஓட முடியாத ஒருவனைக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார வைத்துக்கொண்டு... வலிக்கு ஊசி வேறு போட்டாளே!

மன்னிப்புக் கேட்கலாம். எப்படி? பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அப்பாவிடமே கேட்டதில்லை. ஃபோனை எடுத்தாள். லைன் பிஸியாகுமே... வைத்தாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை ரோஷமும் அவளும் மல்லுக்கட்டினார்கள். அப்போது தலைக்குமேலே டங்... டங்... என்று சத்தம் கேட்டது. மொட்டைமாடியில் லிஃப்டின் இயந்திர அறை.

"குடையை எடுத்துட்டுப் போடி!" என்று அத்தை கத்தியது காதில் விழவே இல்லை.

நனைந்துபோய் வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். பெரிய சக்கரம், கிரீஸ் வாசனை, தகரக் கூரையில் மழை. பலகையில் அவன் ஃபோன், திரை மேலே தெரியும்படி.

"நான்... அன்னைக்குப் பேசினது..." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுங்க. தெரியாம இருந்தாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அவன் தன் துண்டை எடுத்து நீட்டினான்.

"நீங்க சொன்னதுக்காக அழலைங்க. நீங்க சொன்னதையேதான் நானும் அவகிட்டச் சொன்னேன். அச்சு அசலா அதே வார்த்தை. 'யாரு உன்னைப் போகச் சொன்னா?'ன்னு கத்திட்டு ஃபோனை வெச்சிட்டேன். அதுக்கப்புறம் அங்க லைனே இல்ல..."

அதுதான் கடைசிப் பேச்சாகிவிடுமோ என்ற பயம். பல் தேயத் தேய அதைத்தான் அவன் கடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கத்தில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றும் பேசாமல் கேட்டாள்.

அவன்தான் பேசினான். சின்ன வயதில் கேம் ஆடக் கற்றுக்கொடுத்ததே அக்காதானாம். எப்போதும் வைத்தியர் வேஷம்தானாம். "பிழைக்க வைக்கிற ஆள் பின்னாடிதான் நிக்கணும்னு தலையால அடிச்சுக்குவேங்க. கேக்க மாட்டா. யாராவது விழுந்தா அம்பு பறக்கிற இடத்துக்கு அவதான் முதல்ல ஓடுவா. அவளைப் பாத்துத்தான் நானும் வைத்தியர் எடுப்பேன். நீங்க சிரிப்பு வருதுன்னதும் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா!"

"தெரியும். நாலு 'ங்' போட்டீங்களே."

சிரித்தான். உடனே அந்தச் சிரிப்பு அணைந்தது. "நேத்து அவ டீம் ஜெயிச்சிடுச்சுங்க. கோல் விழுந்தா, எந்த ஊர்ல இருந்தாலும் முதல் மெசேஜ் அவதான் போடுவா. நேத்து வரல..."

மழை விடும்வரை இருவரும் அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் மத்தியானம் அவள் படியேறினாள். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி லீவு, அன்றைக்கும் வந்தாள்! அவசர வேலை என்று அவனும் வந்திருந்தான்! கோல்கீப்பர் பெரியவனா, கோல் போடுகிறவன் பெரியவனா என்று அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் சண்டை. நடுநடுவே அவன் கண் ஃபோனுக்குப் போகும்போதெல்லாம், அவளும் சண்டையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். யாரோ ஒருவரின் அக்காவுக்காக, முகம்கூடத் தெரியாத ஒருத்திக்காக, அவள் இராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டாள். இதற்கு என்ன பெயர் என்று தன்னையே கேட்டுக்கொள்ள மட்டும் பயமாக இருந்தது. தம்பியாக அவன் தவித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இதையெல்லாம் சொல்வதா? ச்சே.

திங்கட்கிழமை பல்லுக்காக வந்து உட்கார்ந்தான். "ஃபோனை அணைச்சிடணும்," என்பது ஆஸ்பத்திரி விதி. அவளே ஃபோனை வாங்கி, அணைக்காமல் அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

வாயைச் சுற்றி ரப்பர் விரிப்பு, பல்லின்மேல் கவ்வி, வேருக்குள் மெல்லிய கம்பி. பாதி வேலை. அப்போதுதான் ஃபோன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். அவன் விரல் திரையைத் தொட்டு, ஸ்பீக்கரையும் போட்டது.

"தம்பி... டேய், நான்தான். ஒரு நிமிஷம்தான்டா. பின்னாடி இருபது பேர் ஃபோனுக்கு நிக்கிறாங்க. கேக்குதா?"

"ஆஆ... ஆஆஆ..."

"டேய்! என்னடா ஆச்சு? யார் அங்க? அவனுக்கு என்ன?"

அவன் எழப் பார்த்தான். கம்பி உள்ளே இருந்தது. அவள் ஒரு கையால் அவன் தோளை அழுத்தி, ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, பயப்படாதீங்க! நான் பல் டாக்டர். அவருக்கு ஒண்ணுமில்ல, என் நாற்காலியில இருக்கார், வாயை மூட முடியாது. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லாயிருக்கேம்மா. ஆஸ்பத்திரியை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. எல்லா நோயாளியையும் தூக்கிட்டு வந்துட்டோம். ஒரு ஆளையும் விடல..."

அவன் கண்கள் அவளைப் பார்த்தன. நீ சொல்லு, எனக்காக நீயே சொல்லு என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"அக்கா, அவர் சொல்ல நினைக்கறதை நான் சொல்லிடறேன். அன்னைக்கு 'யாரு போகச் சொன்னா'ன்னு கத்தினாரே... அது கோபமில்லக்கா, பயம். நீங்க போனது தப்பே இல்லைங்கறார். பதினஞ்சு நாளா அதைச் சொல்லத்தான் தவிச்சுக்கிட்டிருக்கார்."

"ஆஆ..." என்று அவன் குலுங்கினான்.

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம். "அட லூசுப் பயலே! நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன்டா. அவன்கிட்டச் சொல்லும்மா, நான் கோபமா இல்லைன்னு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்க்கா. அப்புறம், உங்க டீம் ஜெயிச்சிடுச்சு."

"நெசமாவா! பாக்காமப் போயிட்டேனே!" பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். "வெச்சிடறேம்மா... அது சரி, ஒரு பல் டாக்டருக்கு எங்க வீட்டுக் கதையெல்லாம் எப்படித் தெரியும்? நீ அவனுக்கு யாரும்மா?"

கதவோரம் அத்தை மூச்சுவிடாமல் நின்றாள். அவன் கண் இமைக்காமல் பார்த்தான்.

"இன்னும் யாரும் இல்லக்கா," என்றாள். "ஆனா எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. அவர்கிட்டயே இன்னும் சொல்லல... இப்பத்தான் கேக்கறார்."

"அடிப்பாவி! அவன் என்ன சொல்றான்?"

"தலையை ஆட்டறார்க்கா. ஆட்டவே கூடாது, உள்ள கம்பி இருக்கு..."

"எந்தப் பக்கம் ஆட்டறான்?"

"மேலயும் கீழயும்."

அந்தப் பக்கத்துச் சிரிப்போடு லைன் போய்விட்டது.

கம்பி, கவ்வி, விரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பாதி மரத்த உதடு, வார்த்தைகள் குழறின. ஆனாலும் அவளுக்கு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

"எனக்கும் பிடிச்சிருக்கு. அக்கா கிடைச்சப்புறம்தான் சொல்லணும்னு இருந்தேன்... அதுக்குள்ள நீங்க முந்திட்டீங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் கையை விடாமல், நன்றாக அழுதாள்.