மூன்றாவது வரியில் ஓர் இடறல்

சனிக்கிழமை, மதியம் 2.40.

பாட்டு களவு போயிருந்தது.

மலாய்த் தீவு நகரான ஜார்ஜ் டவுனின் கடலோர மேடைக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில் நின்றபடி அதிரா கைப்பேசியை நீட்டினாள். 'மாடிப்படி' இசைக்குழுவின் பாடகி அவள். மெட்டுப் போடுகிறவளும் அவளே. திரையில் இல்ஹாம் என்ற பாடகன் பாடிக்கொண்டிருந்தான். சொற்கள் வேறு. மெட்டு மட்டும் அதிராவுடையது. நேற்று மாலைதான் இணையத்தில் ஏற்றியிருக்கிறான்.

"நம்ம பாட்டுலா, குமுதாக்கா!"

குமுதா டிரம் வாசிப்பவள். வாரநாள்களில் பாயான் பாரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கிற வேலை. ஆயிரம் பலகையில் ஒன்று கோணலாக இருந்தாலும் அவள் கண் நேரே அதில்தான் போய் நிற்கும். இன்னொரு முறை போடச் சொல்லி, தொடையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டாள். மூன்றாவது வரியில் அவள் விரல் இடறியது.

3.05. விழா ஏற்பாட்டாளர் ஜெயராஜ் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் இல்ஹாம் நின்றிருந்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவரு போட்ட மெட்டாம் இது. அப்ப உங்க கிட்டார் ஹாஃபிஸ் இவருகூடயும் வாசிச்சானாம். அங்க கேட்டத இங்க தூக்கிட்டு வந்துட்டானாம். இல்லன்னு காட்டுங்க, அஞ்சு மணிக்கு மேடை உங்களுக்கு. முடியலன்னா பேர வெட்டிருவேன்."

கேட்டீர்களா? மூன்று வருடமாகக் கல்யாண மண்டபத்திலும் சாப்பாட்டுக்கடை வாசலிலும் வாசித்து, 'இவங்க மெட்டு மனசுல ஒட்டிக்கும்' என்று ஆள் ஆளாகச் சம்பாதித்த பேர் அது. வேறு சொத்து எதுவும் அந்த மூவருக்கும் கிடையாது.

ஹாஃபிஸ் குமுதாவின் பக்கம் திரும்பினான். "வல்லாஹி, சத்தியமா நான் எடுக்கலக்கா."

"எடுத்தியான்னு நான் கேட்டனா? சும்மா இருடா, யோசிக்க விடு."

3.20. அதிராவை மேடையோரம் உட்கார வைத்தாள் குமுதா.

"இத எப்ப ரெக்கார்ட் பண்ணோம்?"

"போன மாசம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சூலியா தெரு ரூம்ல."

பணமாற்றுக் கடைக்கு மேலே, பள்ளிவாசலைப் பார்த்த ஜன்னலோடு அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறை அது.

"யாருக்கெல்லாம் அனுப்பின?"

"வேலு அண்ணனுக்கு மட்டும். இன்னைக்கு மேடையில சவுண்டு அவருதானே, முன்னாடியே கேட்டு வைக்கட்டும்னு."

"அப்படியேவா அனுப்பின?"

"இல்லக்கா. நடுவுல கொஞ்சம் வெட்டி ஒட்டினேன். அவசரத்துல ஒட்டினது."

"வெட்டாதது இருக்கா?"

"போன்லயே இருக்கு."

குமுதா அன்று முதல் முறையாகச் சிரித்தாள். உங்களுக்கும் இப்போது பொறி தட்டியிருக்கலாம், கண்ணுகளா.

3.40. ஜெயராஜோடு நின்றிருந்த இல்ஹாமிடம் அவள் நேரே போனாள்.

"தம்பி, மெட்டு அழகுதான். ஒரே ஒரு சந்தேகம். எல்லா வரியும் எட்டுத் தட்டு. மூணாவது வரியில மட்டும் நாலு தட்டோட நிறுத்தி, மறுபடி முதல்லேருந்து எட்டும் பாடுறீங்களே, ஏன்?"

இல்ஹாம் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அதான் என் ஸ்டைல். டிரம் அடிக்கிறவங்களுக்கு எங்க புரியப் போகுது."

"இப்பச் சேர்த்ததா?"

"இல்லலா. மெட்டு பொறந்த அன்னைக்கே அப்படித்தான்."

"ரெண்டு வருஷம் முன்னாடியே?"

"ஆமா, எத்தனை தடவ சொல்றது?"

"ஜெயராஜ் அண்ணே, கேட்டுக்கிட்டீங்கதானே? இப்ப இதையும் கேளுங்க."

அதிராவின் கைப்பேசியில் வெட்டாத பதிவு ஓடியது. முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில் நாலாம் தட்டு விழுந்த கணத்தில், ஜன்னல் வழியே பள்ளிவாசலின் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழுந்தது. பாட்டு அங்கேயே நின்றது. பாங்கு முடியும்வரை வேறு சத்தமில்லை. பிறகு ஹாஃபிஸின் குரல்: "மூணாவது வரி, முதல்லேருந்து."

"பாங்கு சொன்னா எங்க ரூம்ல யாரும் வாசிக்க மாட்டோம்" என்றாள் குமுதா. "பாட்டுக்கு நடுவுல பாங்கு போறது மரியாதை இல்லன்னு அதிரா அத மட்டும் எடுத்துட்டு, ரெண்டு முனையையும் ஒட்டிட்டா. பாடி நிறுத்தின அரை வரி அப்படியே தங்கிருச்சு. இவரு அதையும் மெட்டுன்னு நெனச்சு மனப்பாடம் பண்ணிட்டாரு. போன மாசம் பாங்கால வந்த இடறல் ரெண்டு வருஷம் முன்னாடி எப்படி இருக்கும்? ஹாஃபிஸே இவருக்குக் கொடுத்திருந்தா ஒழுங்கா சொல்லிக் கொடுத்திருப்பான். அன்னைக்கு நிறுத்தித் தொடங்கினவனே அவன்தான். ஒட்டின பதிவ மட்டும் கேட்டவங்களுக்குத்தான் இந்த இடறல் வரும். அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் போச்சு."

எல்லாத் தலைகளும் ஒலிப்பலகைப் பக்கம் திரும்பின. வேலு காதிலிருந்த ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றினான்.

"புதுசா ஏதாச்சும் இருந்தா குடுன்னு கேட்டான்... இப்படி ஏத்துவான்னு நெனைக்கலலா."

இல்ஹாம் அவனை முறைத்தான். கைப்பேசியைப் பைக்குள் தள்ளினான்.

"பாட்ட இப்பவே எடு. என் கண் முன்னாடி" என்றார் ஜெயராஜ். அப்புறம் ஹாஃபிஸின் தோளில் கை வைத்தார். "மன்னிச்சிரு தம்பி. வேலு, நீ எந்திரி. இன்னைக்கு சவுண்டு நானே பாத்துக்கறேன்."

"உங்களுக்கு வருமாண்ணே?" என்றாள் குமுதா.

"வராட்டி நீ திட்டிக்கோ."

5.00. 'மாடிப்படி' மேடை ஏறியது. முதல் சரணத்தில் கூட்டம் கிண்ணங்களில் ஐஸ் கச்சாங் பனித்துருவலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் கரண்டிகள் நின்றன. ரோஜாக் பழக்கலவை வண்டிக்காரச் சீனத்து அக்காவும், கூட்டமாக வந்திருந்த மலாய்ப் பெண்களும், ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாமல் மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசிப் பல்லவியில் அதிரா மைக்கை இறக்கினாள். ஹாஃபிஸ் தந்தியிலிருந்து கையை எடுத்தான். குமுதா இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

மெட்டு நிற்கவில்லை. மைதானமே பாடிக்கொண்டிருந்தது.