முப்பது விநாடி அமைதி

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய மதியம். கொல்கத்தா முழுக்க மழை. பல்கலைக்கழகத் திரைப்படத் துறையின் ஒலிப்பதிவு அறைக்கு அர்க்கோ வந்தபோது தாழ்வாரத்தில் ஈரச் செருப்பின் வாடை. ஐந்து மணிக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். இயக்கம் என்ற இடத்தில் அவன் பெயர். உண்மையில் எடுத்தவள் உடன் படித்த துலி.

அதற்காகக் கோடையில் இதே அறையில்தான் சண்டை. ஒரு மணி நேரம் அழட்டும் என்று அவளை உள்ளே வைத்துப் பூட்டினான். வாசலில் சிவப்பு விளக்கைப் போட்டான். அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது. துறைத்தலைவரே கதவைத் தொடமாட்டார். துலிக்கு ஆஸ்துமா. மருந்து இருந்த பை வெளியே பெஞ்சில் கிடந்தது. அன்று எத்தனையோ பேர் அந்தக் கதவைக் கடந்தார்கள். கால் ஓசை கேட்காமல், மெதுவாக.

அவள் மூச்சு நின்ற பிறகு பூட்டை அவனே திறந்து வைத்தான். பூட்டியிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

“அர்க்கோ, வசனத்துக்கு நடுவுல சத்தமே இல்லாம வெறிச்சுனு இருக்கு,” என்றாள் பக்கத்து அறையில் ஒலிக்கருவிகளின் முன் இருந்த ஜினியா. “ரூமோட அமைதி முப்பது செகண்ட் வேணும். ஆள் இருந்தாத்தான் ஒட்டும். உள்ள போய் உட்காரு.”

“நீ போயேன்.”

“பட்டனை உன் மாமனாரா அமுக்குவாரு?”

கைப்பேசியைப் பையில் போட்டு, பையை வெளியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். கதவு மூடியது. காது அடைத்தது.

முப்பது விநாடி.

“மெதுவா மூச்சு விடுங்க, ரெண்டு பேரும்,” என்றது ஒலிபெருக்கி.

“நான் மட்டும்தான இருக்கேன்?”

“அப்ப யாருக்கு இழுக்குது? சளியா?” ஜினியா சிரித்தாள். “சரி, கிடைச்சிடுச்சு. சேர்த்துட்டேன். எனக்கு ஹவுராவுல ட்ரெயின். நீயே குடுத்துடு.”

கண்ணாடிக்கு அப்பால் அவள் பக்கம் இருண்டது.

அர்க்கோ கதவைத் தள்ளினான்.

திறக்கவில்லை.

கதவின் சிறு கண்ணாடியில் தாழ்வாரம் தெரிந்தது. எதிர்ச் சுவரில் சிவப்பு வெளிச்சம். ஊருக்குப் போகும் மாணவர்கள் விளக்கைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, நுனிக்காலில் கடந்தார்கள். அவன் அறைந்தான், கத்தினான். காவலாளி உதட்டில் விரல் வைத்து மற்றவர்களை விரட்டினார்.

கிராம்பு வாசம். துலி எப்போதும் வாயில் அடக்கியிருப்பது.

காதோரம் ஒரு மூச்சு.

விடுமுறை முடிந்து, அவன் உள்ளே போன பதினாறாம் நாள் கதவைத் திறந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களுக்கு ஜினியா அந்த முப்பது விநாடியைப் போட்டுக் காட்டினாள். இப்போதும் இரண்டு மூச்சு. இழுத்துக்கொண்டிருந்தது ஓர் ஆணுடையது.

மற்றது நிதானமாக இருந்தது.