தையல் பிரிக்கும் நாள்

பாத்திரத்துக்குள் துழாவிய அவள் விரல்களை வேறொரு கை பிடித்து இழுத்தது.

"ஐயோ... விடுங்க!"

"மன்னிச்சுக்கங்க... துணின்னு நெனச்சேன். அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு."

இருவர் கண்களின் மேலும் ஈரத்துணி. இமை அறுவை முடிந்தவர்களுக்கான அறை. தலைப்பக்கம் உயர்த்திய இரண்டு கட்டில்கள். நடுவே, குளிர்ந்த துணிகள் ஊறும் ஒரே பாத்திரம்.

"ஆம்பளைக்கு எதுக்கு இந்த அழகு ஆசை?" அவளுக்கு எரிச்சல் தீரவில்லை.

"அழகாவது... நான் செக்யூரிட்டிங்க. இமை தொங்கித் தொங்கி, முழிச்சிருக்கும்போதே தூங்கினேன்னு மெமோ வாங்கினவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இமை சுரீரென்றது.

"சிரிக்க வைக்காதீங்க... தையல் இழுக்குது. எனக்கும் ஸ்கூல்ல தூங்குமூஞ்சி டீச்சர்னுதான் பேரு."

"அட... ரெண்டு பேரும் ஒரே கேஸ்!"

"வாயை மூடிட்டுப் படுங்க," என்றாள் நர்ஸ். அவர்கள் மூடவில்லை.

மாலையில் அக்கா அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனபோது, பின்னாலிருந்து அவன் குரல். "தையல் பிரிக்கிற அன்னைக்கு வருவீங்கல்ல டீச்சர்?"

வீட்டுக் கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். கன்னம் வரை ஊதா. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வீங்கும், கறுக்கும், பார்வை மங்கும், நீர் வழியும், பிறகு வடியும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். சொன்னது வேறு, பார்ப்பது வேறு.

"இந்த மூஞ்சியோட அவன் முன்னாடி போய் நிக்காதடி," என்றாள் அக்கா.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கண் திறந்தாள்.

புருவத்தை உயர்த்தாமலே கூரையின் மூலை தெரிந்தது. ஜன்னலில் மழை... துளி துளியாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒரு கீற்றுத் தோல்தான் எடுத்தார்கள். அதற்குப் பின்னாலா இவ்வளவு வெளிச்சம் காத்திருந்தது?

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சிஸ்டர், அந்த டீச்சர் இன்னும் வரலையா?"

அந்தக் குரல். அவனும் வீங்கித்தான் இருந்தான். எதையும் மறைக்கவில்லை. இரண்டு கண்களும் அகலத் திறந்து, மழையில் கழுவிய மாதிரி... இத்தனை பெரிய கண்களா இவனுக்கு?

நர்ஸ் அவளைப் பார்த்தாள். இவள் தலையை லேசாக அசைத்தாள்... சொல்ல வேண்டாம்.

"போயிட்டாங்க," என்றாள் நர்ஸ்.

அவன் அவளைக் கடந்து போனான். அவனுக்குத் தெரிந்தது அவள் குரல் மட்டும். வாய் திறந்தால் இந்த முகத்தைப் பார்ப்பான். திறக்காவிட்டால் எந்த முகத்தையும் பார்க்க மாட்டான்.

அவன் வாசல் கதவைத் தள்ளினான். மழைச் சத்தம் உள்ளே வந்தது.

"செக்யூரிட்டி சார்..."

திரும்பினான். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

அவன் கை கதவிலேயே நின்றது.

"என்ன பேச்சையே காணோம்? அவ்வளவு கண்றாவியாவா இருக்கேன்?"

"இருங்க டீச்சர்... பாத்துக்கிட்டிருக்கேன்."

கோயிலுக்குள் பேசுகிறவன்போல மெதுவாகச் சொன்னான். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"கொஞ்ச நாளைக்குத் தண்ணி வரும்னு டாக்டர் சொன்னாரே... அதுவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல... நீங்க போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.