தண்ணீர்த் தெருவில் ஒரு வாளித் தண்ணீர்

பெரியாயி பொய்க்காரி என்று மேட்டு லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன அறைகள். முதல் அறையில் இருமினால் கடைசி அறையில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், ஒருத்தி சொன்னாள். மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

பெரியாயி செய்த குற்றம் இதுதான். அவள் வெனிஸ் என்ற ஊரைப் பார்த்தாள். பார்த்ததை வந்து சொன்னாள்.

பசறை ஊருக்கு மேலே, இந்த லயம் இருந்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஐந்து வயதில் ஒரு மகன். பெயர் ஆர்தர். பதினொரு வயதுப் பெரியாயிக்கு அவனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. துரைசானிக்கு உடம்பு சரியில்லை என்று கடல் கடந்து போய், இத்தாலி தேசத்து வெனிஸ் நகரத்தில் சில மாதம் தங்கினார்கள். பெட்டிகள், குடைகள், படம் வரையும் பலகை, பெரியாயி. இவைதான் கூடக் கொண்டுபோன சாமான்கள். வர விருப்பமா என்று பெட்டியிடமும் யாரும் கேட்கவில்லை. பெரியாயியிடமும் கேட்கவில்லை.

மாட்டு வண்டியில் பண்டாரவளை. அங்கிருந்து ரயிலில் கொழும்பு. அப்புறம் கப்பல். கடைசியில் வெனிஸ். அங்கே துரைசானி நாள் முழுக்கத் தண்ணீரைப் படமாக வரைந்தாள். அந்தத் தண்ணீரில் ஆர்தர் விழுந்துவிடாமல் பெரியாயி பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் லயத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அந்த ஊருல தெருவே கிடையாது. தெரு இருக்க வேண்டிய இடத்துல தண்ணி இருக்கு. வீட்டுப் படி தண்ணிக்குள்ள எறங்குது. மாடு இல்ல, வண்டி இல்ல. காய்கறிகூடப் படகுலதான் வருது" என்றாள் பெரியாயி.

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்த நேரம் பார்த்து ராசம்மா வந்து சேர்ந்தாள். ராசம்மா, கணபதி கங்காணியின் மனைவி. யார் எந்த மலையில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்பவர் கங்காணி. கங்காணி என்ன சொல்ல வேண்டும் என்று சொல்பவள் ராசம்மா.

"வீடு தண்ணிக்குள்ளயா? சுவரு கரையாதா?"

"கல்லுச் சுவருங்க, கங்காணியம்மா."

"அந்தக் கல்லை எதும்மேல வச்சுக் கட்டினாங்க?"

பெரியாயிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

"கேட்டீங்களா" என்று ராசம்மா மற்றவர்களைப் பார்த்தாள். "பதுளையில அம்மாம் பெரிய கடை வச்சிருக்கிற ஸஹாப்தீன் முதலாளியே கொழும்பைத் தாண்டினதில்ல. இந்தக் குஞ்சு கடலைத் தாண்டுச்சாம். தண்ணிக்குள்ள வீடு பார்த்துச்சாம். உன்னைக் கொழும்புல எவ வீட்டுலயோ எச்சிப் பாத்திரம் கழுவ விட்டுட்டுத்தான் அவங்க போயிருப்பாங்க."

பெண்கள் சிரித்தார்கள். பெரியாயிக்குக் காது சுட்டது.

பேச்சு அதோடு நிற்கவில்லை. மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சிறுமிகளுக்குக் கும்மி சொல்லிக் கொடுப்பவளும் ராசம்மாதான்.

"பொய் சொல்ற புள்ளை அம்மன் முன்னால கும்மி அடிக்கக் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் பீலிக்கரையில தண்ணி புடிக்க எல்லாரும் இருப்போம். 'நான் சொன்னதெல்லாம் பொய்'னு இவ சொல்லட்டும். அப்புறம் கும்மிக்கு வரட்டும்."

தோட்டத்துப் பிள்ளைகள் தலையிலோ இடுப்பிலோ எதையும் சுமக்காமல், நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடுவில் நிற்கிற நாள் திருவிழா நாள் ஒன்றுதான். போன வருஷம் அந்த நாளில் பெரியாயி கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டுப் போயேன்."

"நான் பொய் சொல்லலம்மா."

"நான் அதையா கேட்டேன்? ராசம்மாவுக்குக் கோபம் வந்தா கங்காணிக்கும் கோபம் வரும். நாளைக்கே என்னைச் செங்குத்து மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்புவாரு. நீயா ஏறுவே?"

பெரியாயி யோசித்தாள்.

"பொய் சொல்லலேன்னு சொன்னா நான் பொய்க்காரி. பொய் சொன்னேன்னு ஒரு பொய் சொன்னா நான் நல்ல புள்ளை. அப்படியாம்மா?"

அம்மா தட்டை அவள் முன்னால் வைத்தாள். "சோத்தைத் தின்னு" என்றாள்.

"நீயாச்சும் என்னை நம்புறியா?"

அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "நான் பொறந்தது இந்த லயம். நான் பார்த்த பெரிய ஊரு பதுளை. எனக்கு எப்படிடி தெரியும்?"

ராசம்மா சிரித்ததைவிட இது அதிகமாக வலித்தது.

மறுநாள் பெரியாயி ஒரு சாட்சியைப் பிடிக்கப் போனாள். ஆர்தர்தான் சாட்சி. ஆர்தருக்குத் தமிழ் நன்றாக வரும். பிறந்ததிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்தவர்கள் எல்லாரும் தமிழ் பேசியவர்கள். பெரியாயியைவிட ஆறு வயது சின்னவன் என்றாலும் அவன் அவளை 'வா, போ' என்பான். அவள் அவனை 'பேபி' என்று கூப்பிட்டு, 'வாங்க, போங்க' என்று சொல்ல வேண்டும். அது ஏன் என்று பெரியாயி ஒருமுறை கேட்டாள். பங்களாச் சமையல்காரர் அவள் தலையில் குட்டினார். அதுதான் பதில்.

கும்மியில் அவளுக்கு எதிரே நிற்கும் தோழி கருப்பம்மாவைப் பங்களா வேலி ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"பேபி, நாம தங்கியிருந்த ஊருல தெரு எப்படி இருந்துச்சுன்னு இவகிட்ட சொல்லுங்க."

"தெருவெல்லாம் தண்ணி" என்றான் ஆர்தர்.

கருப்பம்மாவின் கண்கள் விரிந்தன. பெரியாயிக்கு உயிர் வந்தது. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அங்கே ஒரு சிங்கம் இருக்கு. அதுக்கு றெக்கை இருக்கு. உசரமான தூணு மேல நிக்கும்."

பெரியாயி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சிங்கத்தை அவளும் பார்த்திருக்கிறாள். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"அது சிலைன்னு சொல்லுங்க, பேபி."

"சிலை இல்ல. நெசம். என்னைப் பார்த்து உறுமிச்சு. நானும் உறுமினேன். அது பயந்துபோச்சு."

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் கருப்பம்மா.

சாயங்காலம் வந்துவிட்டது.

மலையிலிருந்து வழிந்து வரும் தண்ணீரை மூங்கில் வைத்து விழச் செய்யும் இடம் பீலி. மழை இல்லாத மாதம் அது. பீலியில் தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் விழுந்தது. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அம்மாவும் நின்றாள். அவள் முகம் தரையைப் பார்த்தபடி இருந்தது. ராசம்மா கடைசியாக வந்தாள். வந்தவள் தன் குடத்தை நேராகக் கொண்டுபோய் முதலில் வைத்தாள். கங்காணி மனைவி ஆயிற்றே. மற்றவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அந்த ஊருலயும் இதேதான்" என்றாள் பெரியாயி.

சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"எது இதேதான்?" என்றாள் ராசம்மா.

"தண்ணி புடிக்க வரிசையில நிக்கறது."

"தெருவெல்லாம் தண்ணியாம். அப்புறம் வரிசை எதுக்கு?"

"அது கடல் தண்ணிங்க. உப்பு. வாயில வைக்க முடியாது. நல்ல தண்ணிக்கு வீடுங்களுக்கு நடுவுல ஒரு குழாய்தான். எல்லாப் பொம்பளைங்களும் அங்கே வரணும்."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை. அந்தக் கஷ்டம் அவர்களுக்குப் புரிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ துரைசானியோட படகுல இல்ல போயிருப்பே?" என்று ஒருத்தி கேட்டாள்.

பெரியாயி உதட்டைக் கடித்தாள். இத்தனை நாளும் அவள் துரைசானி பார்த்த வெனிஸைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். படகு, மாளிகை, பாலம். தான் இருந்த வெனிஸை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது நிமிர்ந்து நின்றாள்.

"படகுல போனது கொஞ்சம்தான். நாங்க தங்கின வீட்டுல நான் படிக்கட்டுக்குக் கீழே படுத்தேன். காலையில எச்சிப் பாத்திரம் கழுவினேன். அப்புறம் தண்ணி எடுத்தேன். கங்காணியம்மா சொன்னது சரிதான். ஊருதான் வேற."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

"அங்கே பொம்பளைங்க எப்படித் தூக்குவாங்க? தலையிலயா?"

"தோள்ல. காவடி மாதிரி ஒரு வளைஞ்ச கட்டை. ரெண்டு பக்கமும் செம்பு வாளி."

"எந்தச் சாமிக்கு?"

"சாமிக்கு இல்லீங்க, சமையலுக்கு."

வரிசை கலைந்து அவள் பக்கம் வந்தது.

"மொத நாளே நான் தொலைஞ்சு போயிட்டேன்" என்றாள் பெரியாயி. "இங்கே பங்களா மேலே, ஆறு கீழே. எங்கே நின்னாலும் மேலே எது, கீழே எதுன்னு பார்த்து வீட்டுக்கு வந்துடலாம். அங்கே மேலேயும் இல்ல, கீழேயும் இல்ல. எல்லாம் தட்டை. பாலத்துல ஏறினா, ஏறின அளவுக்கு எறங்கிடுது. எந்தப் பக்கம் போனாலும் சந்து, சந்து முடிஞ்சா தண்ணி. கை வலிக்குது. வாளியைக் கீழே வச்சா தண்ணி போயிடுமோன்னு பயம். நின்னு அழுதேன்."

அம்மா தலையை உயர்த்தினாள். "அப்புறம்?"

"குழாயடியில நின்ன ஒரு பொம்பளை வந்தா. தன்னோட ரெண்டு வாளியையும் ஒரு வீட்டு வாசல்ல வச்சா. என் வாளியை ஒரு கையில வாங்கினா. இன்னொரு கையால என்னைப் புடிச்சா. நான் தங்கின வீடு கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு கதவா இழுத்துட்டுப் போனா. வழி முழுக்க ஏசிக்கிட்டே வந்தா."

"பாஷை தெரியாம, ஏசினான்னு எப்படிடி தெரியும்?"

"ஏச்சு தெரியாதாங்க? வானத்தைப் பார்த்து ஏசினா. என்னைப் பார்த்து ஏசினா. ஜன்னல்ல நின்ன பொம்பளைங்ககிட்ட என்னைக் காட்டி என்னமோ சொன்னா. அவங்களும் சேர்ந்து ஏசினாங்க. எங்கம்மா நாலு பேரு ஜன்னல்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

பீலிக்கரையே சிரித்தது. ராசம்மாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நீ தங்கின வீட்டுக்காரி? நேரங்கழிச்சு வந்ததுக்கு அடிச்சாளா?" என்றாள் ராசம்மா.

"அடிக்கக் கையை ஓங்கினா. என்னைக் கூட்டிட்டு வந்தவ அவளையும் ஏசினா. கை எறங்கிடுச்சு."

ராசம்மா 'ம்' என்றாள். அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது. சொல்லத்தான் மனம் வரவில்லை.

"சரி, ஆகட்டும். பொய் சொல்றவளா இருந்தா, ராணி வீட்டு விருந்துல சாப்பிட்டேன்னு சொல்வா. தொலைஞ்சுபோய் அழுததையும் எச்சிப் பாத்திரம் கழுவினதையும் எவ சொல்வா?" வழிந்த குடத்தை எடுத்துக்கொண்டாள். "அந்த ஊருல கும்மி உண்டா?"

"நான் பார்க்கலீங்க."

"அப்போ என்ன பெரிய ஊரு அது. நாளைக்கு வெள்ளனவே வந்து நில்லு. போன வருஷம் அடிக்காதவ, கை மறந்திருக்கும்."

கருப்பம்மா மெதுவாக அருகில் வந்து, "அப்போ அந்தச் சிங்கம்?" என்று காதில் கேட்டாள்.

"சிலைடி."

"உறுமிச்சுன்னாரே?"

"அவருக்கு அஞ்சு வயசு."

லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் அம்மா குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெரியாயி பின்னால் வந்தாள். வளைவில் அம்மா நின்றாள்.

"இதையெல்லாம் ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்கலியே. அழுதேன்னு சொன்னா நீயும் அழுவே."

அம்மா தலைக்குடத்தைச் சரிசெய்துகொண்டாள். "அந்தப் பொம்பளை எந்தக் கையைப் புடிச்சா?" என்றாள்.

பெரியாயி வலது கையைக் காட்டினாள்.

"இறுக்கியா?"

"ரொம்ப. வலிச்சுது."

"வலிக்கட்டும்" என்றாள் அம்மா. ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி, இன்னொரு கையால் அந்த வலது கையைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பிடியும் வலித்தது.

வீட்டு வாசல் வரும்வரை பெரியாயி கையை உருவிக்கொள்ளவில்லை.