கத்திரிப்பூ நிறக் கதவு

செத்து மூன்று வருடமான மனைவி பேருந்து நிறுத்தத்தில் சிரித்துக்கொண்டிருந்தால் எந்த மனிதனும் வந்த பஸ்ஸைத் தவற விடத்தான் செய்வான். போட்டோக்காரரும் தவற விட்டார். ஆளுயர விளம்பரப் பலகை. மேலே "ஒரே நாளில் புதுப் பல்செட்!" கீழே ஒரு பல் மருத்துவமனையின் எண். நடுவில் அவள், இருபத்து நாலு வயதில், முப்பத்திரண்டும் சொந்தப் பல்லாக.

காலை 10.20. இணையக் குற்றப் பிரிவில் ஆய்வாளரின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆய்வாளருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னாலாவது நாலு பேர் தன்னை நினைக்கிறார்களே என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரது போனில் மணி அடித்தால் அது வேலை விஷயமாகத்தான் இருக்கும்.

"படம் நீங்க எடுத்ததா?"

"நான்தான் மேடம். கல்யாணமான புதுசுல. கறுப்பு வெள்ளை ஃபிலிம். எத்தனையோ படம் வித்திருக்கேன், இதை மட்டும் வித்ததில்ல. அவ என் பொண்டாட்டி, சரக்கு இல்ல."

மூலப் படத்தை மேசையில் வைத்தார். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பாதி திறந்த கதவு. சுவர் ஒரு சாம்பல், கதவு இன்னொரு சாம்பல். விளம்பரத்திலோ சுவர் கிளிப்பச்சை, கதவு கத்திரிப்பூ நிறம்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கறாங்க?"

"வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு பெயின்ட் அடிக்கறவர். மிச்சம் மீதியெல்லாம் எங்க அறைக்கு அடிச்சுட்டார். 'பஸ்ஸுக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்கே, எப்ப டிக்கெட் கேப்பாங்களோ'ன்னு சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு. இப்ப அந்த வீடே இல்ல, ரோடு வந்துடுச்சு."

ஆய்வாளர் அப்போதே மருத்துவமனையைப் போனில் விசாரித்தார். இலவசப் படங்கள் கிடைக்கும் இணையதளம் ஒன்றிலிருந்து எடுத்தார்களாம். ஏற்றியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஒற்றையாள்'. தளத்துக்காரர்கள் எந்தத் தேசத்திலோ இருந்தார்கள். கடிதம் போட்டால் பதில் வர மாசக்கணக்காகும்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

போட்டோக்காரர் மேசை விளிம்பைப் பார்த்தார். "என்கிட்ட பழைய படங்களுக்குக் கலர் போட்டுட்டிருந்த கலர்காரன். இது மெஷின் அடிச்ச கலர் இல்ல மேடம், கைவேலை. திருட்டுன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் எல்லாரும் படத்தை இறக்குவாங்க. தெருவுல இறங்க முடியல. கடன் குடுக்கற கம்பெனி, மலச்சிக்கல் மாத்திரை, எங்க திரும்பினாலும் அவதான் சிரிக்கறா."

பகல் 12.10. ஆய்வாளர் ஸ்டூடியோவுக்குப் போனார். மாடியில் குடித்தனம், கீழே கடை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைக்கும் முக்காலியில் தூசி. போன் வைத்திருப்பவனெல்லாம் போட்டோக்காரன் ஆனபின் அந்த முக்காலிக்கு வேலையில்லை. ஒரு காலத்தில் போட்டோக்காரர் இணையத்தில் படம் விற்றே வாடகை கட்டினார். உலகமே இலவசமாக அள்ளிப் போட ஆரம்பித்ததும், வருமானம் வாடகையிலிருந்து காய்கறிக்கு இறங்கி, கடைசியில் டீ செலவில் வந்து நின்றது. "ஓசியில குடுக்கறவன் நம்ம அடுப்புல தண்ணி ஊத்தறான்" என்று அவர் திட்டாத நாளில்லை. மாடியில் கழுவிக் கவிழ்த்திருந்தது ஒரே ஒரு தட்டு. ஆய்வாளர் வீட்டிலும் அப்படித்தான்.

இந்தப் படத்தின் பிரதி இன்னும் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் கலர்காரர், இன்னொருவர் மனைவியின் தம்பி. தம்பியை ஆய்வாளர் போனில் பிடித்தார்.

"அக்கா செத்தப்புறம்தான் மாமா எனக்கு அந்தப் படத்தைக் குடுத்தார் மேடம். அவங்க காதல் கல்யாணம் பண்ணிட்டுப் போனதால எங்க வீட்ல பேச்சுவார்த்தையே இல்ல. படத்துல இருக்கற அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதே கிடையாது."

மாலை 3.00. கலர்காரர் இப்போது வேலை பார்க்கும் விளம்பர நிறுவனம். நாற்பது தாண்டிய மனிதர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ் கேஸ்னா நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டார்" என்றார் கலர்காரர். "ரெண்டு பிள்ளைங்க படிக்குது மேடம்."

"படத்தை நீங்க ஏத்தினீங்களா?"

"இல்ல. அண்ணன் எனக்கு ஞாபகத்துக்குக் குடுத்த படம் அது. வீட்ல மாட்டியிருக்கேன். நான் அவர்கிட்ட சேரறதுக்கு முன்னாலயே அந்த வீட்டை இடிச்சு ரோடு போட்டுட்டாங்க."

"கலர் அடிக்க உங்களுக்குத்தான் வரும்னு சொல்றார்."

கலர்காரர் விளம்பரத்தின் பிரதியை வெகுநேரம் பார்த்தார். "நான் அடிச்சிருந்தா சுவருக்கு சந்தனம், கதவுக்கு மர நிறம். விளம்பரக்காரங்களுக்குக் கண்ணை உறுத்தக் கூடாது. மெஷினும் அப்படித்தான் அடிக்கும்."

"அப்ப யார் அடிச்சிருப்பாங்க?"

"எனக்குத் தெரியாது மேடம்." சொல்லிவிட்டுப் பிரதியைக் கவிழ்த்து வைத்தார்.

திரும்பும் வழியில் பலகையின் முன் ஆய்வாளர் வண்டியை நிறுத்தினார். கிளிப்பச்சை. கத்திரிப்பூ. உலகத்தில் எந்த மடையன் தங்கும் அறைக்கு இப்படி ஒரு நிறத்தைக் கற்பனை செய்வான்?

மாலை 5.40. மறுபடி ஸ்டூடியோ.

"திருடன் யாரானாலும் சரி, ரசனை கெட்டவன்" என்றார் ஆய்வாளர். "கிளிப்பச்சைச் சுவராம், அதுக்கு ஒரு கண்றாவிக் கதவாம். வாய்க்கு வந்தபடி கலரை அள்ளிப் பூசி உங்க வீட்டையே கேவலப்படுத்திட்டான்."

போட்டோக்காரரின் முகம் சிவந்தது. "என்ன கேவலம்? அந்தச் சுவர் அதே பச்சைதான்! அந்தக் கதவு அச்சு அசல் அதே..."

பாதியில் நிறுத்தினார்.

"அதே கத்திரிப்பூ" என்று ஆய்வாளர் முடித்து வைத்தார். "பஸ் பெயின்ட். படத்துல இருக்கறது வெறும் சாம்பல். கலர்காரர் உங்ககிட்ட வந்தப்ப அந்த வீடு இல்ல. மச்சினர் அங்க வந்ததே இல்ல. அந்த அறையோட நிறமும் தெரிஞ்சு, இந்தப் படமும் கையில இருந்தவங்க உலகத்துலயே ரெண்டு பேர். ஒருத்தர் போயிட்டாங்க. ஒற்றையாள் நீங்கதான் சார்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார், தூசியோடு.

"ஒரு மாசம் உக்காந்து கலர் போட்டேன் மேடம். போட்டதும் யார்கிட்டயாவது காட்டணும்னு இருந்துச்சு. கடைக்கு யாரும் வர்றதில்ல. ஓசியில குடுக்கறவனைத் திட்டின இதே வாயி... எத்தனை பேர் பாத்தாங்கன்னு அந்தத் தளத்துல தெரியும். தினம் காலைல எழுந்து அதைத்தான் பாப்பேன். வீட்டுக்கு யாரோ வந்துட்டுப் போற மாதிரி இருக்கும். அவ பல்லு விளம்பரத்துக்குப் போவான்னு நினைக்கல. தளத்துல கேட்டா, குடுத்தது குடுத்ததுதான், திரும்பக் கேக்க முடியாதுன்னுட்டாங்க. அதான், ஒரு திருடன் வேணும்னு ஆச்சு."

"பொய்ப் புகாருக்கே உங்க மேல கேஸ் போடலாம். இன்னும் எதுவும் பதிவு பண்ணல. நீங்க வாபஸ் வாங்கினா அவர் வேலை தப்பும். ஆனா உங்க மனைவி அந்தப் பலகையிலயேதான் இருப்பாங்க. அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போட்டோக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு அழுதார், சத்தமாகவே அழுதார். அழுது முடித்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய போனிலேயே கலர்காரரின் எண்ணை ஆய்வாளர் அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்துக் கொடுத்தார்.

"தம்பி, படத்தை நான்தான்பா போட்டேன். உன் மேல பழியைப் போட்டுட்டேன்."

"தெரியும்ணே. பலகையைப் பாத்தன்னைக்கே தெரியும். அந்தக் கதவு விளிம்பை அப்படி இழைக்க, எனக்குச் சொல்லிக் குடுத்த உங்களை விட்டா வேற யாருக்கு வரும்?"

"பின்ன ஏம்பா போலீஸ்ல சொல்லல? வேலை போயிருக்குமே!"

"அண்ணியைத் தெருவுல விட்டது நீங்கன்னு என் வாயால எப்படிண்ணே சொல்றது?" கலர்காரரே பேச்சை மாற்றினார். "சரி, அதை விடுங்க. சாப்டீங்களா?"

போட்டோக்காரர் போனைக் காதோடு அணைத்துக்கொண்டார். ஆய்வாளர் புகார்க் கோப்பை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். வண்டியில் சாவியைப் போட்டவர், அந்தக் கேள்வியைத் தன்னிடம் கடைசியாக யார் கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். எத்தனையோ முடிச்சை அவிழ்த்தவர்தான். இதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.