காலித் தண்டவாளம் குடித்த கரண்ட்

தண்டவாளத்தில் ஒரு எஞ்சின்கூட இல்லை. ஆனாலும் மீட்டர் நாற்பது மில்லியாம்பியர் காட்டியது.

இது என்ன எழவு? பொம்மை ரயில் நேற்றிலிருந்து தடுமாறுகிறதே என்று, பாதைக்குப் போகும் கம்பியை அறுத்து நடுவில் மீட்டரை நுழைத்திருந்தான். பாதை எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். எஞ்சினை எடுத்துவிட்டால் சைபர் காட்ட வேண்டும்.

பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்தான். குன்றைக் குடைந்த குகை இருந்த துண்டில் மட்டும் நாற்பது, ஐம்பது, மறுபடி நாற்பது. அட்டையில் அவனே ஒட்டிச் செய்த குன்று அது. குகையின் நீளம் ஒரு சாண்தான். குனிந்தபோது, பல் தேய்க்காத வாயின் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு எடுத்தான். விரலில் வெதுவெதுப்பாக, நூல் நூலாகக் கோழை வழிந்தது. சீ! விரலைச் சட்டையில் துடைத்தான். பிறகு அந்தச் சட்டையே அருவருப்பாக இருந்தது.

சோப்புப் போட்டுக் கை கழுவி வருவதற்குள் மனைவி பாதையை மறுபடி இணைத்து, எஞ்சினையும் ஒரு திறந்த சரக்குப் பெட்டியையும் பாதையில் ஏற்றி ஓட விட்டிருந்தாள். ரயில் குகைக்குள் போனது. வெளியே வரவில்லை.

"மாட்டிக்கிச்சு போல," என்று கையை உள்ளே விட்டாள்.

"ஏய், வேணாம்! உள்ள என்னமோ அசிங்கம் இருக்கு."

"எலி கிலி செத்திருக்கும். கரப்பான்பூச்சியப் பார்த்தே கட்டில் மேல ஏறுற ஆளுதானே நீங்க!"

சிரித்தபடியே முழங்கைவரை விட்டாள். அவன் குகையின் மறுவாயைப் பார்த்தான். அங்கே அவள் விரல்கள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இல்லை.

மீட்டர் ஏறியது. முந்நூறு. எண்ணூறு.

"கைய எடுடி!"

"வரலைங்க." அவள் சிரிப்பு நின்றது. "உள்ள… ஏதோ விரலச் சப்புது."

தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். மீட்டர் சைபருக்கு இறங்கியது. அப்பாடா.

பிறகு, எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ் எண்ணூறு.

கரண்ட் உள்ளேயிருந்து வந்தது.

கரண்ட் திசை மாறினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். ஓடியது. அவள் முழங்கையை உரசிக்கொண்டு சரக்குப் பெட்டி முதலில் வந்தது, எச்சில் சொட்டச் சொட்ட. அதில் ஐந்து நகங்கள். காலையில் அவள் பூசிய சிவப்புச் சாயம். துளி ரத்தம் இல்லை. நக்கித் துடைத்த சுத்தம்.

அவன் மறுபடி அவள் தோளைப் பற்றினான்.

"விடுங்க," என்றாள். குரல் குழைந்திருந்தது. "வலிக்கவே இல்லைங்க. வெதுவெதுன்னு… சுகமா இருக்கு."

கன்னத்தைக் குன்றின் மேல் சாய்த்து, தோள்வரை தானே தள்ளிக்கொண்டாள். அட்டைக் குன்று மடக்கென்று ஒரு மிடறு விழுங்கியது.